பையும் டம்ளரும் கூடவே வரட்டும்!

காய்கறி வாங்கக் கிளம்புகிறோம். பர்ஸ் இருக்கிறது, செல்போன் இருக்கிறது. பை? 'ஒரு கவர் குடுப்பா' என்று கடைக்காரரிடம் கை நீட்டுகிறோம். பிளாஸ்டிக் கவருக்கும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்தே தடை. நாம் கேட்கிறோம், அவரும் கொடுக்கிறார்!

'பேப்பர் கப்தானே, என்ன கெடுதல்?' என்பீர்கள். அதில் 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் இருந்தால், சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலப்பதாக 2020-ல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு சொன்னது. அவை உடம்புக்குள் என்னென்ன செய்யும் என்று இன்னமும் ஆராய்கிறார்கள். அதுவரை நம் வயிறுதான் சோதனைக்கூடமா?

செலவையும் பாருங்கள். கடையில் 10 ரூபாய்க்கு வாரம் இரண்டு பை வாங்கினால், வருஷத்துக்கு 1,040 ரூபாய்! வீட்டு அலமாரியிலோ கல்யாணத் தாம்பூலப் பைகள் சும்மா தூங்குகின்றன.

அதற்காகப் புதுசு புதுசாகத் துணிப்பை வாங்கிக் குவிக்காதீர்கள். பருத்தி விளையவும் ஏகப்பட்ட தண்ணீர் வேண்டும். இருப்பதையே துவைத்து, கிழிகிறவரை பயன்படுத்துங்கள். இன்று ராத்திரியே ஒரு பையை மடித்து ஸ்கூட்டர் பெட்டியில் வையுங்கள். ஆபீஸ் டிராயரில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கட்டும்.

மஞ்சப்பையோடு வந்தவரை 'பட்டிக்காடு' என்று கேலி செய்தோம். 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்றது. வெட்கப்பட வேண்டியது பையோடு போகிறவர் அல்ல. வெறுங்கையை வீசிக்கொண்டு போகிற நாம்தான்!