நஷ்டம் யாருக்கு?

பிடிவாதக்காரர் எவரும் தம்மைப் பிடிவாதக்காரர் என்று ஒப்புக்கொள்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? "எனக்கென்று ஒரு கொள்கை உண்டு, ஸார்!" என்றுதான் சொல்வார். அகங்காரம் எப்போதும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறது. கோயிலுக்குப் போகும்போது நெற்றிக்கும் இட்டுக்கொள்ளும். அங்கேதான் அபாயம் அதிகம்.

ராமாநுஜர் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. திருமந்திரத்தின் பொருளை அறிய, ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்பது வைஷ்ணவ மரபு. வாசலில் நின்று, "நான் ராமாநுஜன் வந்திருக்கிறேன்" என்றபோதெல்லாம், 'நான்' செத்த பிறகு வரச் சொல்லி நம்பி திருப்பி அனுப்பினாராம். "அடியேன்" என்ற பிறகுதான் உபதேசம் கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை. யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்பது குருவின் கட்டளை. ராமாநுஜரோ கோயிலின் மேலே ஏறி நின்று, ஊர் கேட்கச் சொல்லிவிட்டார்!

இது மட்டும் அகங்காரம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நம்பியும் கோபமாகத்தான் கேட்டார். தாம் ஒருவர் நரகம் போனாலும் இத்தனை பேர் கரையேறுவார்களே என்றார் சீடர். நம்பி அவரைத் தழுவிக்கொண்டு, 'எம்பெருமானார்' என்று அழைத்தார்.

வித்தியாசம் தெரிகிறதல்லவா? அங்கே நஷ்டம் தமக்கு, லாபம் ஊருக்கு.

நம் கொள்கைகளுக்கு வருவோம். தம்பி என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டான் என்று பத்து வருஷமாக அவன் வீட்டு வாசற்படி மிதிக்காத அண்ணன்மார் எத்தனை பேர்! ஏகாதசி விரதம் மட்டும் ஒன்றுகூடத் தவறாது. இந்த வைராக்கியத்துக்கு விலை கொடுப்பது யார்? ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றே தெரியாமல் வளரும் குழந்தைகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தவிக்கும் வயதான தாயார். அண்ணனுக்கோ, தாம் வளைந்து கொடுக்கவில்லை என்ற திருப்தி. வருஷம் ஏற ஏற, அதையும் ஒரு தவம் போல எண்ணத் தொடங்கிவிடுகிறார். அப்புறம் எந்த விரதம்தான் அவரைக் காப்பாற்றும்?

ஆகையால், அடுத்த தடவை "என் கொள்கை" என்று வாயெடுக்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நஷ்டம் உங்களுக்கென்றால் தைரியமாக நில்லுங்கள். மற்றவர்களுக்கென்றால், இன்றைக்கே போய்த் தம்பி வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். 'நான்' என்று ஆரம்பிக்காதீர்கள்.

"அண்ணா வந்திருக்கேண்டா!" என்று சொல்லுங்கள். கதவு திறக்கும்.