சுவர் இருந்தால் அன்றோ சித்திரம்!

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் நலத்தைப் பற்றிப் பேசும்போதே இப்பழமொழியைப் பெரும்பாலும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் கணினிக் கல்விக்கும் இது நன்கு பொருந்தும் என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து. இணையப் பக்கங்களை நாள்தோறும் பார்க்கிறோம், படிக்கிறோம், பகிர்கிறோம். ஆனால் ஒரு பக்கத்தையேனும் நம் கையால் எழுதி ஓட விட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எழுதிப் பார்ப்பதற்குச் சுவர் இல்லாததே காரணம். அந்தச் சுவரை நம் பள்ளியிலேயே எழுப்பிக்கொள்ளலாம். அதற்குப் பெரும் பணமும் வேண்டாம். இணைய இணைப்பும் வேண்டாம். நம் கணினி அறையில் ஒரே ஒரு கணினியைச் சர்வராக மாற்றினால் போதும். இதை வலியுறுத்தவே இக்கட்டுரை.

சர்வர் என்றவுடன் குளிரூட்டிய பெரிய அறையும், வரிசை வரிசையான இயந்திரங்களும் நம் மனக்கண் முன் வருகின்றன. உண்மையில் சர்வர் என்பது ஒரு வேலையின் பெயர். தமிழில் அதனை ‘வழங்கி’ என்பர். கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்து வழங்குவதே அதன் தொழில். அவ்வேலையைச் செய்யும் மென்பொருளை நிறுவினால், எந்தச் சாதாரணக் கணினியும் சர்வர் ஆகிவிடும். அப்படிப்பட்ட மென்பொருள்களுள் புகழ் பெற்றது 1995-ல் வெளிவந்த அப்பாச்சி. அது இலவசமாகவே கிடைக்கிறது.

அப்பாச்சியோடு கைகோத்து நிற்கும் மொழி பி.எச்.பி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், 1994-ல் தம் சொந்த இணையப் பக்கத்தை யார் யார் வந்து பார்க்கிறார்கள் என அறிவதற்காக எழுதிய சிறு கருவியே பின்னர் இம்மொழியாக வளர்ந்தது. 1995-ல் அதனை அவர் உலகோர்க்குப் பொதுவாக்கினார். இன்று விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள் பி.எச்.பி.யில் எழுதப்பட்டதே. 2003-ல் தொடங்கி, இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தாங்கி நிற்கும் தமிழ் விக்கிப்பீடியாவும் அதன் மேல்தான் நிற்கிறது. உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பயன்படும் வேர்ட்பிரஸ்ஸும் இம்மொழியில் எழுதப்பட்டதே. அது மட்டுமன்று. நம் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலிலும் பி.எச்.பி. பாடமாக இடம் பெற்றுள்ளது. வணிகவியல் பிரிவில் சேரும் அக்காமார் அதைப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். நீச்சலைக் கரையில் நின்று மனப்பாடம் செய்ய இயலுமா? நீரில் இறங்கத்தானே வேண்டும்!

சர்வர் ஏன் வேண்டும் என்பதை இங்கே சற்று விளக்குவோம். ஒரு பி.எச்.பி. கோப்பை எழுதி, அதன் மேல் இருமுறை சொடுக்கினால், நாம் எழுதிய வரிகளே அப்படியே கண்முன் வந்து நிற்கும், பக்கம் வராது. உலாவிக்குப் பி.எச்.பி. தெரியாது என்பதே காரணம். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும், அப்பாச்சி அதைக் காதில் வாங்கும், பி.எச்.பி. சமைக்கும், தரவுத்தளத்திலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும், சமைத்து முடித்ததை மட்டும் அப்பாச்சி உலாவிக்குப் பரிமாறும். சாப்பிடுகிறவர் அடுக்களையைப் பார்ப்பதில்லை அல்லவா? அதுபோலவே பக்கத்தைப் பார்ப்பவர் பி.எச்.பி. வரிகளைப் பார்ப்பதில்லை. அடுக்களை இல்லாத வீட்டில் சமையல் கற்பது எங்ஙனம்?

இந்த அடுக்களையை ஒரே பொட்டலமாகக் கட்டித் தந்திருக்கிறார்கள். அதன் பெயர் சாம்ப். 2002-ல் ஜெர்மனியில் தோன்றிய இத்தொகுப்பில் அப்பாச்சி, பி.எச்.பி., மரியா டி.பி. என்னும் தரவுத்தளம் ஆகிய யாவும் அடங்கியுள்ளன. மரியா டி.பி. என்னும் பெயரில் நம்மைப் போன்ற பெண் பிள்ளைகள் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. பின்லாந்து நாட்டு மைக்கேல் விடேனியஸ் என்பவர், தாம் முதலில் உருவாக்கிய தரவுத்தளத்துக்குத் தம் மூத்த மகள் மையின் பெயரால் மை எஸ்.க்யூ.எல். என்றும், அடுத்ததற்கு இளைய மகள் மரியாவின் பெயரை இணைத்து மரியா டி.பி. என்றும் பெயரிட்டார்.

நிறுவும் வழியும் கடினமன்று. ஓரிடத்தில் இறக்கிக்கொண்ட தொகுப்பைப் பென் டிரைவில் கொண்டு வந்து நிறுவலாம். பின் அதன் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து அப்பாச்சிக்கு நேரே உள்ள பொத்தானை அழுத்தினால் அது பச்சை நிறமாகும். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று முகவரியிட்டால் வரவேற்புப் பக்கம் தோன்றும். 127.0.0.1 என்னும் எண்ணும் அதே முகவரிதான்; ‘என் வீடே’ என்று கணினி தன்னைத் தானே சுட்டிக்கொள்ளும் எண் அது. நாம் எழுதும் கோப்புகளை எச்.டி.டாக்ஸ் என்னும் கோப்புறையில் வைக்க வேண்டும்.

புதியவர்களைத் தடுமாற வைக்கும் இடங்கள் சில உண்டு. அப்பாச்சி சில கணினிகளில் எழுந்து நிற்க மறுக்கும். 80 என்னும் எண்ணுடைய வாசலை வேறொரு மென்பொருள் முன்பே பிடித்துக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம். 8080 என்னும் வாசலுக்கு மாற்றிவிட்டால் வேலை நடக்கும். நோட்பேடில் எழுதிச் சேமிக்கும்போது, பி.எச்.பி. என முடியும் பெயரின் வாலில் டி.எக்ஸ்.டி. என்று அது தானாகவே ஒட்டிவிடுவதும் உண்டு. அதை நீக்க வேண்டும். தமிழில் எழுதுவோர் கோப்பை யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். தவறினால் அம்மாவும் அப்பாவும் கேள்விக்குறிகளாகவும் கிறுக்கல்களாகவும் மாறி நிற்பார்கள்! இவை யாவும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக் கூடியவையே.

‘இதையெல்லாம் நேரே இணையத்திலேயே செய்து பார்த்தால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடை நம் குற்றாலத்திலேயே இருக்கிறது. பேரருவியில் நீர் மலை உச்சியிலிருந்து நேரே நம் தலை மேல் விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளத்தில் விழுந்து, அங்கே தன் வேகத்தை இறக்கி வைத்துவிட்டு, பொங்கி வழிந்து கீழே வருகிறது. ஆகவேதான் நாம் அதன் அடியில் நின்று நீராட முடிகிறது. நம் கணினி அறைச் சர்வரும் ஒரு பொங்குமாங்கடலே. நாம் எழுதுவது முதலில் அங்கே விழட்டும். பிழைகள் அங்கே அடங்கட்டும். பிறகு தெளிந்தது ஊருக்கு வரட்டும். நம் பகுதியில் சாரல் காலத்தில் இணையம் வருவதும் போவதுமாக இருக்கும். மின்சாரம் இருந்தால் போதும், உள்ளூர்ச் சர்வர் அப்போதும் நம்மோடு இருக்கும்.

பெற்றோர் பெருமக்களே, இப்போது உங்களிடம் சில வார்த்தைகள். பெண் பிள்ளை கையில் இணையம் என்றால் நீங்கள் அஞ்சுகிறீர்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லை என்று நாங்கள் கூற மாட்டோம். முன்பின் அறியாதவர்கள் பேச்சுக் கொடுப்பதையும், படங்களைத் தவறாகப் பயன்படுத்துவதையும் செய்தித்தாளில் நாங்களும் படிக்கிறோம். ஆனால் அச்சத்தின் முடிவு என்ன? அண்ணன் தம்பிக்குக் கணினி கிடைக்கிறது. எங்களுக்கு ‘படிக்கிற வேலையைப் பார்’ என்னும் அறிவுரை கிடைக்கிறது. தாலந்து உவமையை நாம் அனைவரும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியன் தீயவழியில் செலவழிக்கவில்லை; திருடவுமில்லை. அஞ்சினான், அவ்வளவே. எனினும் தலைவர் அவனைப் பாராட்டவில்லை. உள்ளூர்ச் சர்வரோ உங்கள் அச்சத்துக்கும் எங்கள் ஆர்வத்துக்கும் ஒருங்கே இடம் தருகிறது. இணைய இணைப்பே இல்லாத கணினிக்குள் எந்த அந்நியரும் வர இயலாது. கண்காணிக்க ஆசிரியை உண்டு. அஞ்ச வேண்டியது எங்கே இருக்கிறது?

2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற அக்காமார் பலர் மடிக்கணினி பெற்றனர். அவற்றுள் சில இன்று பீரோவுக்குள் உறங்குகின்றன. அந்தப் பழைய கணினியே பி.எச்.பி. பழகப் போதுமானது. அதை எழுப்பி விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இக்கல்வி எதற்குப் பயன்படும் என்று கேட்போர் வெகு தூரம் போக வேண்டியதில்லை. தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறை வரை சென்றாலே போதும். ஸோஹோ நிறுவனம் 2011 முதல் நம் பகுதியில் மென்பொருள் பணியை நடத்தி வருகிறது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அவர்கள் 2019-ல் மத்தளம்பாறையிலேயே குடியேறினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பட்டம் பெறாத மாணவர்களையும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது. ‘வேலை என்றால் சென்னைக்கும் பெங்களூருக்கும் போக வேண்டும், பெண் பிள்ளையை எப்படித் தனியே அனுப்புவது?’ என்று தயங்கிய காலம் ஒன்று இருந்தது. தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவில் அமர்ந்து உலகத்துக்கு மென்பொருள் எழுத முடியும் என்பது இன்று கண்கூடு. வேலை நம் வாசலுக்கு வந்துவிட்டது. நாம் தயாராக இருக்கிறோமா என்பதே கேள்வி.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் கணினிகள் கட்டற்ற மென்பொருளால் இயங்குகின்றன. 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் இயங்கி வருகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் இயலுவது இந்தப் பக்கம் இயலாதா?

கணினி நம் மரபுக்கு அந்நியமானது என்றும் எவரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி யார் தெரியுமா? மேரி கென்னத் கெல்லர் என்னும் அருட்சகோதரி! 1965-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் அப்பட்டம் பெற்றார். அயோவா மாநிலத்தில் அப்போது பெண்கள் கல்லூரியாக இருந்த கிளார்க் கல்லூரியில் கணினித் துறையை நிறுவி, இருபது ஆண்டுகள் வழிநடத்தினார். எங்கள் வயதினர் ஒருவரையும் சொல்ல வேண்டும். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்த கார்லோ அகுதிஸ், 2006-ல் தம் பதினைந்தாம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறைவனடி சேர்ந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். கணினியின் முன் அமர்ந்து செய்த வேலையும் இறைப்பணியாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

‘பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கிறதே!’ என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஆகவே எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளிடமிருந்து தொடங்கலாம். வாரம் ஒரு மணி நேரம் போதும். ‘இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, நீங்கள் ஏன் கற்க வேண்டும்?’ என்றும் கேட்கிறார்கள். கால்குலேட்டர் வந்த பின்னும் நாம் வாய்ப்பாடு படிக்கிறோம் அல்லவா? இயந்திரம் எழுதித் தந்தது சரியா, தவறா என்று ஓட்டிப் பார்க்க ஓரிடம் வேண்டும். தவறு எங்கே என்று காண ஒரு கண் வேண்டும். அந்த இடமே உள்ளூர்ச் சர்வர். அந்தக் கண்ணைத் தருவதே கல்வி.

எங்கள் வேண்டுகோள் இதுதான். கணினி அறையில் ஒரு கணினியைச் சர்வராக்கி, மற்றக் கணினிகளை உள் இணைப்பால் அதனோடு சேர்க்க வேண்டும். முதல் வேலையாக நம் நூலகப் பட்டியலை அதில் ஏற்றலாம். எந்த நூல் எந்த அலமாரியில் உள்ளது, யாரிடம் சென்றுள்ளது என்பதை ஒரு நொடியில் அறியலாம். அடுத்து, பழைய ஆண்டு மலர்களின் பொருளடக்கத்தைத் தொகுக்கலாம். சாரல் நாள்களில் பள்ளி முற்றத்தில் மழைமானி வைத்து அளந்து, நாள்தோறும் பதிந்து வரலாம். பத்து ஆண்டுகள் கழித்து வரும் மாணவியர்க்கு அது ஓர் அரிய செல்வமாக இருக்கும். ஓர் எச்சரிக்கையும் தேவை. சாம்ப் தொகுப்பு பழகுவதற்கென்றே பூட்டுகள் தளர்த்தி அமைக்கப்பட்டது. தரவுத்தளத்துக்குக் கடவுச்சொல்லே இராது. ஆதலால் அதனை அப்படியே பொது இணையத்துக்குத் திறந்துவிடலாகாது. வாரந்தோறும் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வைத்தலும் வேண்டும்.

அன்புத் தோழியரே, பிறர் எழுதிய பக்கங்களை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பதற்கா நமக்கு இக்காலம் வாய்த்தது? நாமும் எழுதுவோம். தமிழில் எழுதுவோம். அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் பெற்றோரும் எங்களுக்கு ஒரு சுவர் தாருங்கள். சித்திரத்தை நாங்கள் எழுதிக் காட்டுகிறோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி