சொல்லாமல் விட்ட ஓர் எண்

கணினி தவறான விடை தந்தால், நிரல் எழுதியவரைத்தான் முதலில் குறை சொல்வோம். ஆனால் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத போதும் விடை கெட்டுப்போகலாம். 2019இல் அப்படித்தான் நடந்தது.

புள்ளியியல் பயிலும் மாணவர்கள் பலர் பயன்படுத்தும் ‘ஆர்’ மென்பொருளின் உட்பகுதியில் சி மொழிக்குப் பெரும்பங்கு உண்டு. அணிக் கணக்குகளை அது ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட லாபேக் நூலகத்திடம் ஒப்படைக்கிறது. ஃபோர்ட்ரானில் எழுத்துகளை அனுப்பினால், அவை எத்தனை என்ற எண்ணையும் கம்பைலர் நம் கண்ணுக்குத் தெரியாமல் சேர்த்து அனுப்பும். சி மொழியில் எழுதியவர்களோ, ‘ஒரே ஓர் எழுத்துதானே’ என்று அந்த எண்ணை விட்டுவிட்டார்கள். மறுபக்கம் அதை யாரும் பார்க்காததால் பல ஆண்டுகள் சிக்கல் எழவில்லை.

ஜிசிசி கம்பைலரின் புதிய வெளியீடுகள், வேகத்துக்காக அந்த எண்ணுக்குரிய நினைவக இடத்தை மறுபடியும் பயன்படுத்தத் தொடங்கின. அனுப்பாத எண்ணுக்கு இடம் ஏது? அங்கிருந்த வேறு மதிப்பு அழிந்தது. நேற்றுவரை ஓடிய நிரல்கள் இன்று பிழைத்தன.

லிங்கி, பகாவ் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டி பால் நிறுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 20 கிலோ பாலில் உலர் ரப்பர் 30 விழுக்காடு என்றால், கணக்கில் 6 கிலோ. விழுக்காட்டை எழுதாமல் எடையை மட்டும் எழுதினால், பழகிய கிராணி சமாளித்துக்கொள்வார். புதிதாக வந்தவர் அந்தக் கட்டத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணால் பெருக்குவார். குறைவது தொழிலாளியின் கூலி.

யார் மீது தவறு? விதிப்படி எண்ணை அனுப்பியிருக்க வேண்டும் என்றது கம்பைலர் தரப்பு. இத்தனை ஆண்டுகள் ஓடியதை உடைக்கலாமா என்றது மறுதரப்பு. இறுதியில் ஆர் குழு விடுபட்ட எண்ணை அனுப்பும்படி நிரலைத் திருத்தியது. கம்பைலர் குழுவும் பழைய நிரல்களுக்காக ஒரு மாற்றுவழி சேர்த்தது. இரு தரப்பும் இறங்கிவந்தது நல்லதே. ஆனாலும் ‘ஓடுகிறது’ என்பது ‘சரி’ என்பதற்குச் சான்றாகாது.

தமிழ்ப்பள்ளியில் ‘பின்னம்’ படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் ‘பெச்சாஹான்’ என்ற சொல்லைச் சந்தித்த நமக்கு இது புதிதல்ல. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, சொல்லாமல் விட்டதே இடறும்.

ஆகவே மாணவர்களே, உங்கள் ஒப்படைப்பில் இரண்டு மொழிகள் சந்திக்கும் இடத்தில் எது போகிறது, எந்த வகையில், எந்த அளவில் என்பதை எழுதி வையுங்கள். கம்பைலரின் பதிப்பு எண்ணையும் குறியுங்கள். விடை தெரிந்த ஒரு சிறு கணக்கைக் கொடுத்துச் சோதியுங்கள். பத்து நிமிட வேலைதான். செய்யாவிட்டால், தவறான எண் நம் பெயரிலேயே ஆய்வறிக்கையில் ஏறிவிடும்.