செயலியைக் கூட்டினால் கெடு தப்பாதா?

செயலிகளை இரட்டிப்பாக்கிவிட்டால் போதும், பழுதைத் தாங்கும் பணி அட்டவணை பற்றிய ஆய்வெல்லாம் பட்டம் வாங்க மட்டுமே உதவும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாட்சிக்கு நெய்வேலி அனல்மின் நிலையத்தை வேறு இழுத்திருக்கிறார். நான் நெய்வேலிக்கு அருகிலுள்ள முத்தாண்டிக்குப்பத்துக்காரன். அந்த நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. எழுதுமுன் அவர்களில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

அவருடைய வாதத்தை ஓர் எடுத்துக்காட்டில் சோதிப்போம். செயலிகள் இரண்டு. 10 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் 1 மில்லிநொடி வேலைகள் இரண்டு. 11 மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் 10 மில்லிநொடி வேலை ஒன்று. அடிக்கடி வருவதற்கே முதலிடம் என்று வைத்தால், பெரிய வேலை முதல் மில்லிநொடியைக் காத்திருந்தே கழிக்கும். பத்தாவதில் சின்னவை மீண்டும் வந்து இரண்டு செயலிகளையும் பிடிக்கும். பெரியது கெடுவைத் தவறவிடும். மொத்தச் சுமையோ 55 விழுக்காடுதான்! சின்னவற்றை ஒரு செயலியிலும் பெரியதை இன்னொன்றிலும் வைத்தால் எல்லாமே நேரத்துக்கு முடியும். ஆய்வாளர்கள் தாலும் லியூவும் 1978இலேயே காட்டிய சிக்கல் இது. இத்தனைக்கும் இங்கே எதுவும் பழுதாகவில்லை.

பழுது வந்தால்? 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டில் இருந்த இரண்டு வழிகாட்டிக் கணினிகளிலும் ஒரே மென்பொருள். மாற்றுக் கணினிதான் முதலில் விழுந்தது. கண்ணிமைக்குமுன் முதன்மையும் அதே பிழையால் விழுந்தது. இரட்டிப்பு அங்கே பிழையைத்தான் இரட்டித்தது.

மாற்று வேண்டும்தான், ஆனால் சிக்கனமாக. ஷிப்டில் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஓர் ஆளைச் சும்மா நிறுத்துவதில்லை. பல இடங்களுக்குப் பொதுவாக ஒரு ரிலீவர்தான். சென்னை ஐஐடியில் மணிமாறனும் சிவராம் மூர்த்தியும் 1998இல் வெளியிட்ட வழிமுறையும் இந்தச் சிக்கனத்தைக் கையாள்கிறது. வேலையின் மூலப்படி ஒரு செயலியில், மாற்றுப்படி வேறொன்றில். வெவ்வேறு செயலிகளில் ஓடும் இரு மூலங்களின் மாற்றுகள் ஒரே நேரத்துண்டைப் பகிரலாம், அந்த இரண்டு செயலிகளும் ஒன்றாகப் பழுதாகாத வரை. அந்த நிபந்தனையின் பிடியைத் தளர்த்தத்தான் செயலிகளைக் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். மூலம் ஒழுங்காக முடிந்தால் மாற்றின் நேரம் அடுத்த வேலைக்குத் திரும்பிவிடும். அன்பரின் திட்டத்திலோ பாதிச் செயலிகள் செய்த வேலையையே மறுபடி செய்துகொண்டிருக்கும்.

"வேலையையே நிராகரிக்கும் அட்டவணை" என்று கேலி வேறு. ஆம், மூலமும் மாற்றும் கெடுவுக்குள் அடங்காவிட்டால் வாசலிலேயே மறுக்கும். கொதிகலனில் சுடர் அணைந்தால் எரிபொருளை நொடிகளில் நிறுத்தியாக வேண்டும். அங்கே முடியாது என்பதை முன்கூட்டியே சொன்னால் வேறு ஏற்பாடு செய்ய அவகாசமாவது இருக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கெடு தாண்டிய பிறகு விடை நீட்டும் இயந்திரத்தைத்தான் அவர் சிபாரிசு செய்கிறார்.