5 பழம் எங்கே போயிற்று?

ஒருவன் வெள்ளிக்கிழமை 44 கிவிப் பழம் பறித்தான். சனிக்கிழமை 58. ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமை பறித்ததைப்போல் இரண்டு மடங்கு. அவற்றில் 5 பழம் கொஞ்சம் சிறியவை. மொத்தம் எத்தனை?

நம் வீட்டுப் பையன் 190 என்பான். சிறிய பழமும் பழம்தானே!

2024-ம் ஆண்டு, அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கை மொழி எந்திரங்களிடம் கொடுத்தார்கள். சில எந்திரங்கள் 5-ஐக் கழித்துவிட்டு 185 என்றன. கழிக்கும்படி யாருமே சொல்லவில்லை!

சாட்ஜிபிடி போன்ற இந்த எந்திரங்கள் ஏராளமான பக்கங்களைப் படித்தவை. அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகித்து ஊகித்து எழுதுவதே அவற்றின் வேலை. பள்ளிக்கூடக் கணக்கில் ஓர் எண் வந்தால், அதற்குப் பெரும்பாலும் ஏதாவது வேலை இருக்கும். அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாரிவிட்டது என்று தோன்றுகிறது.

அதற்காக எந்திரத்தை மட்டம் தட்டிவிட முடியாது. 2022-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தாரும் கூகிள் கம்பெனியாரும் ஒரு வேடிக்கை செய்தார்கள். "படிப்படியாக யோசிப்போம்" என்ற ஒரே வரியைச் சேர்த்தார்கள். அவ்வளவுதான்! ஒரு வகைக் கணக்குகளில் 100-க்கு சுமார் 18 சரியாகச் சொன்ன எந்திரம், சுமார் 79 சரியாகச் சொன்னது.

காரணம் எளிது. ஒரே தாவில் விடை சொல்லாமல், சிலேட்டில் எழுதுவதுபோல் ஒவ்வொரு படியாக எழுதுகிறது. எழுதியதைத் தானே பார்த்து அடுத்த படியைப் போடுகிறது. 2025 ஜூலையில், சர்வதேச கணித ஒலிம்பியாட் கேள்விகள் 6-ல் 5-ஐ கூகிளின் எந்திரம் முழுமையாகப் போட்டது. 42-க்கு 35 மார்க்கு. அது தங்கப் பதக்க மார்க்கு!

இனி வருவதுதான் முக்கியம். பிள்ளையின் வீட்டுக் கணக்கையும், கடனுக்கு வட்டியையும் இதனிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கம் தெளிவாக இருந்தால் நம்பிவிடுகிறோம். அந்த விளக்கம் உண்மையா?

2025-ல் ஆந்த்ரோபிக் கம்பெனியார் தங்கள் எந்திரத்தின் உள்ளேயே பார்த்தார்கள். 36-ம் 59-ம் எவ்வளவு? உள்ளே ஒரு பக்கம் உத்தேசமாகத் தொகையை மதிப்பிட்டது. இன்னொரு பக்கம் கடைசி இலக்கத்தை மட்டும் கச்சிதமாகக் கண்டது. இரண்டும் சேர்ந்து 95. விடை சரிதான். எப்படிப் போட்டாய் என்று கேட்டார்கள். "6-ம் 9-ம் 15, 5 போட்டு மீதி 1" என்று பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்பித்தது!