இருபது போய் இருபது வந்தால் நேராகுமா?

போன வாரம் தோணிரேவுக் கரையில் ஒரு வியாபாரி பேசியதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. "இறால் விலை இருபது பர்சென்ட் இறங்கிச்சு. இப்போ இருபது பர்சென்ட் ஏத்திக் குடுத்துட்டேன். கணக்கு நேராயிடுச்சு" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். கூடையோடு நின்ற ஒரு பெண் மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நேராயிடுச்சுன்னா கையில ஏன் பெரியப்பா குறையுது?"

அவள் கேட்டதுதான் நியாயம். கிலோ 500 ரூபாய் விற்ற இறால் இருபது சதவீதம் இறங்கினால் 400. திரும்ப ஏறும் இருபது சதவீதம் அந்த 400-க்குத்தான். வெறும் 80 ரூபாய். ஆக விலை 480. பத்துக் கிலோ போட்டவளுக்கு 200 ரூபாய் நஷ்டம். பழைய விலை வர இருபத்தைந்து சதவீதம் ஏற்ற வேண்டும். முதலில் ஏற்றிப் பிறகு இறக்கினாலும் 600 ஆகி, மறுபடி அதே 480-இல்தான் வந்து நிற்கும்.

அப்படியென்றால் சதவீதத்தைக் கூட்டவே கூடாதா? கூட்டலாம், இரண்டும் ஒரே தொகையின் மேல் என்றால். 2025 ஆகஸ்ட் 7-இல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 25 சதவீத வரி போட்டது. 27-ஆம் தேதி இன்னொரு 25. இறாலும் தப்பவில்லை. இரண்டு வரியும் சரக்கின் அதே மதிப்பின் மேல் என்பதால் மொத்தம் 50. வரியோடு சேர்ந்த விலையின் மேல் இரண்டாவதைப் போட்டிருந்தால் 56.25 ஆகியிருக்கும்.

"சின்ன வித்தியாசம், இதைப் போய்ப் பெரிசாக்கலாமா?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடுவது என்று பாடு முறை வைத்துக் கணக்குப் பார்த்த ஏரி இது. தண்ணீரில் முறை தவறினால் பஞ்சாயத்துக் கூட்டுகிறோம். தராசடியில் மட்டும் ஏன் வாய் மூடி நிற்கிறோம்?

இனி யாராவது பர்சென்ட் என்றால், "எந்த விலைக்கு?" என்று கேளுங்கள். பதில் ரூபாயில் வரட்டும். ரூபாயில் சொல்லத் தயங்குபவரிடம் கூடையை இறக்காதீர்கள்.