காத்து அடிச்சா மட்டும் போதுமா?

எங்க கார்ல பின்பக்க இடது டயர் வாரத்துக்கு 6 பிஎஸ்ஐ இறங்கும். அப்பாவோட தீர்வு, ஞாயித்துக்கிழமை பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்கிறது. மூணு மாசமா இதே கதை. என்னைக் கேட்டா இது ரிப்பேர் இல்ல, ஒத்திப்போடுறது.

ட்யூப்லெஸ் டயர்ல ஆணி ஏறினாலும் காத்து சட்டுன்னு போகாது, பல நேரம் அந்த ஆணியே ஓட்டையை அடைச்சுக்கிட்டு நிக்கும். நாமளும் ஒண்ணுமில்லைன்னு ஓட்டுவோம். ஆனா காத்து குறைஞ்ச டயர் ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா வளைஞ்சு நிமிரும், பக்கச்சுவர் சூடாகும். ஊருக்குள்ள 40-ல போறப்ப ஒண்ணும் தெரியாது. நாலு பேர், லக்கேஜோட பைபாஸ்ல 100-ல போனா வெடிக்கலாம். (தெர்மோடைனமிக்ஸ்ல நான் அரியர்தான், இருந்தாலும் இது புரியுது.)

போன வாரம் சோப்புத் தண்ணி ஊத்திப் பார்த்தேன். ஆணி கிடையாது, வால்வு வாயில குமிழ். பஞ்சர் கடை அண்ணன் அஞ்சே நிமிஷத்துல வால்வு பின்னை மாத்திட்டார். பக்கச்சுவர்ல ஓட்டைன்னா டயரையே மாத்தணுமாம், தப்பிச்சோம்.

"இவ்ளோதானா?"ன்னார் அப்பா. அப்படியே ஸ்டெப்னியையும் செக் பண்ணச் சொன்னேன். 12 பிஎஸ்ஐ.